பியென்சாவில் ஒரு வாரம்: இத்தாலியக் குன்றூரில் இளைப்பாறும் முறை

டஸ்கனி மாநிலத்தின் தென்பகுதியில், ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 490 மீட்டர் உயரத்தில் பியென்சா இருக்கிறது. அங்கே வருபவர்களில் பலர் காலை பத்து மணிக்கு மேல் வந்து, சதுக்கத்தையும் பேராலயத்தையும் படம் எடுத்து, ஒரு துண்டு சீஸ் வாங்கிக்கொண்டு, மாலைக்குள் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓய்வுக்காகப் போகிறவருக்கோ அந்தச் சிறிய அளவே பெரிய வசதி. பார்த்துத் தீர்க்க வேண்டியவற்றின் பட்டியல் இரண்டாம் நாளே முடிந்துவிடும். பிறகு அந்த ஊரில் வெறுமனே இருக்கலாம். கூட்டம் வருவதற்கு முந்திய காலையும் அது போனதற்குப் பிந்திய மாலையும் அங்கேயே இரவு தங்குபவருக்கு மட்டும் கிடைப்பவை. கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த இரண்டு வேளைகளையும் காப்பாற்றிக்கொள்வதற்கானவை.

இத்தாலியில் குன்றின் மேல் அமைந்த பழைய ஊர்களுக்குப் பஞ்சமில்லை. கோபுரங்களால் பெயர்பெற்ற சான் ஜிமின்யானோ அழகானதுதான், ஆனால் கோடையில் அதன் தெருக்களில் தோள் உரசாமல் நடப்பது கடினம். நடைபாலம் ஒன்றின் வழியாக மட்டுமே போகக்கூடிய சிவிதா தி பான்யோரெஜோவைப் பார்க்க நுழைவுக் கட்டணம் உண்டு. ஒரு பிற்பகலுக்கு அது அற்புதமான இடம், ஒரு வாரம் வாழ்வதற்கு ஏற்றதன்று. தங்குவதற்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே ரொட்டிக் கடை, மளிகைக் கடை, மருந்துக் கடை, பணம் எடுக்கும் இயந்திரம், உள்ளூர்க்காரர்கள் காலையில் நின்று காபி குடிக்கும் கடை ஆகியவை உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். பியென்சாவில் இவை எல்லாம் இருக்கின்றன. சுற்றியுள்ள வயல்வெளிகளையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் ஊராட்சி அது. பயணிகள் போன பிறகும் அங்கே வாழ்க்கை நடக்கிறது.

எப்போது, எத்தனை நாள்

ஐந்து இரவுகளுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள்; ஏழு இரவுகள் என்றால் மிக நன்று. முதல் இரண்டு நாட்களில் உடல் இன்னும் விமான நிலைய வேகத்திலேயே இருக்கும். ரொட்டிக் கடைக்காரர் உங்களை அடையாளம் கண்டு தலையசைக்கும் நான்காம் நாள் காலையில்தான் ஓய்வு உண்மையில் தொடங்குகிறது.

ஓர்ச்சா பள்ளத்தாக்கு ஒரே ஆண்டில் பல நிறங்கள் மாறும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் கோதுமைப் பயிர் பச்சை அலைகளாக மேடுகளில் படர்ந்திருக்கும். மே மாதத்தில் நடுநடுவே சிவப்புப் பாப்பிப் பூக்கள் தலைகாட்டும். ஜூன் இறுதிக்குள் எல்லாம் பொன்னிறமாகி அறுவடை தொடங்கிவிடும். ஆகஸ்டில் உழுது போட்ட சாம்பல் நிறக் களிமண் கட்டிகளும் சுடும் வெயிலும் மட்டும்தான் இருக்கும். மேலும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் இத்தாலியர்களே விடுமுறைக்குக் கிளம்புவதால் அறைகள் விலையேறிக் கிடைப்பதும் அரிதாகிவிடும். செப்டம்பரின் பிற்பாதியும் அக்டோபரும் திராட்சை அறுவடைக் காலம்; அக்டோபர் கடைசியில் புது ஆலிவ் எண்ணெய் வந்துவிடும். குளிர்காலக் காலைகளில் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டத்தில் மூழ்க, குன்றூர்கள் மட்டும் தீவுகள்போல் மேலே தெரியும். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பல விடுதிகளும் உணவகங்களும் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே ஒரு காலத்தைச் சொல்லுங்கள் என்றால் மே மாதத்தின் நடுப்பகுதியைச் சொல்வேன். பகல் நீளமாக இருக்கும், வெயில் கடுமையாக இராது.

மதிலுக்குள்ளா, வயலுக்கு நடுவிலா

தங்குமிடத்தில் இரண்டு வகை உண்டு. ஊர் மதிலுக்குள் இருக்கும் பழைய கல்வீடுகளில் அறையோ சிறு குடியிருப்போ எடுக்கலாம். அல்லது ஊருக்கு வெளியே, பண்ணை வீடுகளில் நடத்தப்படும் அக்ரிதுரிஸ்மோ எனப்படும் விடுதிகளில் தங்கலாம். இந்தப் பண்ணை வீடுகள் விடுதிகளான கதை அந்தப் பள்ளத்தாக்கின் அண்மைக்கால வரலாறும் ஆகும். நூற்றாண்டுகளாக இங்கே மெட்ஸாத்ரியா என்ற வாரச் சாகுபடி முறை நிலவியது. நிலமும் வீடும் உடைமையாளருக்குச் சொந்தம், உழைப்பு குடியானவருடையது, விளைச்சல் இருவருக்கும் பாதி பாதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950-களிலும் 60-களிலும், அந்த முறை சரிந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் தொழிற்சாலை வேலைக்கு நகரங்களை நோக்கிப் போனார்கள். மேட்டுக்கு ஒன்றாக நின்ற கல்வீடுகள் பூட்டிக் கிடந்தன. மலிவாகக் கிடைத்த அந்த நிலங்களுக்கு சார்தீனியத் தீவிலிருந்து இடையர்கள் தம் செம்மறியாடுகளோடு வந்து குடியேறினார்கள். இன்று பியென்சாவின் சீஸ் தழைத்திருப்பதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. எஞ்சிய வீடுகளில் பல பின்னர் விருந்தினர் இல்லங்களாயின.

கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் பண்ணை விடுதி பொருந்தும். சமையலறை இருக்கும், பலவற்றில் நீச்சல் குளமும் இருக்கும். கார் இல்லாதவர் மதிலுக்குள்தான் தங்க வேண்டும். வேறு எவருக்கும் என் பரிந்துரை அதுவே; இரவு உணவு முடிந்து விளக்கு வெளிச்சத்தில் கல்தெருவில் நடந்து வீடு திரும்புவதற்கு ஈடாக எந்த நீச்சல் குளமும் இல்லை. பதிவு செய்வதற்கு முன் விடுதிக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: எத்தனை படிகள் ஏற வேண்டும், பெட்டியோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அறையில் குளிரூட்டி இருக்கிறதா. பழைய கட்டடங்களில் மின்தூக்கி இருப்பது அரிது. தடித்த கல்சுவர்கள் பகல் வெப்பத்தைத் தடுக்கும் என்றாலும், ஜூலையில் மாடி அறைகள் புழுங்கவே செய்யும்.

வந்து சேர்ந்ததும் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். தங்குபவர் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அங்கே சட்டக் கடமை என்பதால் தயங்க வேண்டியதில்லை. ஓர் இரவுக்கு, ஒரு தலைக்கு இவ்வளவு என்று ஊராட்சி விதிக்கும் தங்கல் வரி தனியாக வரும். அதைப் பெரும்பாலும் புறப்படும்போது ரொக்கமாக வாங்குவார்கள்; கொஞ்சம் சில்லறை வைத்திருப்பது நல்லது.

போய்ச் சேருதல்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. கோடைக்கு முந்திய மாதங்களில் நேரம் ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு என்பதால் விதியை நம்பிக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கட்டாயம்.

பியென்சாவில் ரயில் நிலையம் இல்லை. ரோமுக்கும் ஃப்ளோரன்ஸுக்கும் இடையிலான பாதையில் உள்ள கியூசி நிலையத்தில் இறங்குவது ஒரு வழி. இரண்டு நகரங்களிலிருந்தும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து மோன்டெபுல்சானோவுக்குப் பேருந்து பிடித்து, அங்கே மாறிப் பியென்சாவுக்கு வரலாம். மற்றொரு வழி சியெனாவிலிருந்து சான் குயிரிகோ வழியாக வரும் பேருந்து. மாநிலம் முழுவதும் இந்தப் பேருந்துகளை ஆட்டோலினேயே டஸ்கானே என்ற நிறுவனம் இயக்குகிறது. வார நாட்களில் பள்ளி, அலுவலக நேரங்களை ஒட்டியே வண்டிகள் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மிகச் சில, சில தடங்களில் ஒன்றும் இராது. ஆகையால் வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் ஞாயிறாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை இட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் சீட்டு இருந்தும் அபராதம் உண்டு.

கார் எடுப்பவர் இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டுபோக வேண்டும். அதை ஊரில் இருக்கும்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். வண்டி வலப்பக்கம் ஓடும் நாடு என்பது முதல் அரை நாளில் பழகிவிடும். பழகாத ஆபத்து ஒன்று உண்டு. பழைய ஊர்களின் நுழைவாயில்களில் வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம் தெரிந்தால் அது போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. அனுமதியில்லாமல் உள்ளே போகும் வண்டியின் எண்ணைக் கேமரா பதிந்துகொள்ளும். யாரும் நிறுத்த மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். பல மாதங்கள் கழித்து, வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதச் சீட்டு வீடு தேடி வரும். வழிகாட்டிச் செயலி நேராகப் போகச் சொன்னாலும் மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவதே அறிவு. வாகனம் நிறுத்தும் இடத்தில் வெள்ளைக் கோடு என்றால் பொதுவாக இலவசம், நீலக் கோடு என்றால் கட்டணம், மஞ்சள் கோடு என்றால் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டது.

ஊரின் கடிகாரம்

அங்கே நாள் இரண்டாக மடிந்திருக்கும். கடைகள் ஏறத்தாழ ஒரு மணிக்கு அடைத்து, நான்கு மணிக்கு மேல் மறுபடி திறக்கும். மதிய உணவு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. இரவு உணவு ஏழரைக்கு முன் கிடைக்காது. இந்த அட்டவணையோடு மல்லுக்கு நிற்பவர் மூன்று மணிக்குப் பசியோடு மூடிய கதவுகளைப் பார்த்து நிற்பார். அதற்கு உடம்பைக் கொடுத்துவிட்டால் ஓய்வு தானாக வந்துவிடும்.

நான் சொல்லும் ஒழுங்கு இது. ஏழு, ஏழரை மணிக்கு எழுந்து, தெருவில் கூட்டிப் பெருக்கும் சத்தம் கேட்கும்போதே காபிக் கடைக்குப் போய், உள்ளூர்க்காரர்போல் நின்றபடி ஒரு கப்புச்சினோவும் கோர்னெத்தோ என்னும் பிறை வடிவ இனிப்பு ரொட்டி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்து குடித்தால் வேறு விலை என்பது பல இடங்களில் வழக்கம். பால் கலந்த காபி காலைக்கு உரியது. சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் பார்வை ஒன்று வரும். பத்து மணிக்குள் பழமும் ரொட்டியும் வாங்கி, பார்க்க நினைத்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வரும் நேரத்தில் நீங்கள் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டோ, விடுதியில் படித்துக்கொண்டோ இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு, பிறகு உறக்கம். இதற்குக் குற்ற உணர்ச்சி தேவையில்லை, ஊரே தூங்குகிறது. ஆறு மணிக்கு மேல், ஊர் மீண்டும் ஊராரிடம் வந்த பிறகு, வெளியே வாருங்கள்.

மாலை நடைக்குப் பேராலயத்தின் பின்புறமாக மதிலை ஒட்டி ஓடும் காசெல்லோ தெருவைச் சொல்வேன். ஒரு பக்கம் வீடுகளின் பின்கதவுகளும் பூந்தொட்டிகளும். மறுபக்கம் கைப்பிடிச் சுவருக்குக் கீழே முழுப் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் 1,738 மீட்டர் உயர அமியாட்டா மலை. ஒரு காலத்தில் எரிமலையாக இருந்த மலை அது. கோடையில் வெளிச்சம் மங்க ஒன்பது மணி ஆகும்.

ஊரைச் சிறிது சிறிதாகப் பார்ப்பது

பியென்சா பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நான்கு இடங்கள் ஒரு வாரத்துக்குப் போதும். அந்த ஊரின் பழைய பெயர் கோர்சின்யானோ. சியெனாவில் செல்வாக்கிழந்த பிக்கொலோமினி குடும்பத்தில் 1405-இல் எனேயா சில்வியோ அங்கே பிறந்தார். இளமையிலேயே ஊரைவிட்டுப் போய், எழுத்தாளராகவும் அரசவைத் தூதராகவும் ஐரோப்பா முழுவதும் அலைந்து, 1458-இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் திருத்தந்தை (போப்) ஆனார். அடுத்த ஆண்டு மந்துவா நகருக்குப் போகும் வழியில் பிறந்த ஊரில் தங்கினார். தன் வயதொத்தவர்களில் பலர் இறந்திருந்தார்கள், மிஞ்சியவர்களும் முதுமையிலும் நோயிலும் கிடந்தார்கள் என்று தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். அந்த வருகையின்போதுதான் அங்கே ஒரு பேராலயமும் அரண்மனையும் கட்ட முடிவு செய்தார்.

வேலையை ஏற்றவர் கட்டடக் கலைஞரும் சிற்பியுமான பெர்னார்தோ ரொசெலினோ. மூன்றே ஆண்டுகளில், 1462-க்குள், சதுக்கமும் அதைச் சுற்றிய முதன்மைக் கட்டடங்களும் எழுந்தன. ஊரின் பெயரும் பயஸின் பெயரைத் தழுவிப் பியென்சா என்று மாறியது. செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டி 50,000 டுகாட் பொற்காசுகளுக்கு மேல் போய்விட்டது. சிற்பியைக் கூப்பிட்டபோது அவர் நடுங்கிக்கொண்டே வந்தாராம். உண்மைச் செலவை முதலிலேயே சொல்லியிருந்தால் இதைக் கட்டத் துணிந்திருக்க மாட்டோம், சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று என்று பாராட்டி, பணமும் செந்நிற அங்கியும் பரிசளித்து அனுப்பினார் திருத்தந்தை. கட்டட ஒப்பந்தக்காரரோடு மல்லாடிய எவரும் இப்படி ஒரு முடிவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1464-இல் இருவருமே இறந்துவிட, ஊரின் விரிவும் அத்தோடு நின்றது. பிறகு பணம் வரவில்லை. அதனால் இடித்துக் கட்டவும் யாரும் வரவில்லை. 1996-இல் யுனெஸ்கோ இதன் பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004-இல் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அந்தத் தகுதி கிடைத்தது.

ஒரு காலையைச் சதுக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். அது செவ்வகம் அன்று. பேராலயத்தை நோக்கி அகன்றுகொண்டே போகும் சரிவகம். அதனால் சிறிய இடம் பெரிதாகத் தோன்றுகிறது, பேராலயத்தின் இரு பக்கமும் பள்ளத்தாக்கின் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறது. இன்னொரு காலையைப் பேராலயத்துக்குக் கொடுங்கள். தூதராக இருந்த காலத்தில் ஜெர்மானிய நாடுகளில் பார்த்த ஆலயங்களைப்போல் மூன்று பகுதிகளும் ஒரே உயரத்தில், உயர்ந்த சன்னல்களோடு, ஒளி நிறைந்திருக்க வேண்டும் என்று பயஸ் விரும்பினார். சுவர்களில் ஓவியம் தீட்டவோ அமைப்பை மாற்றவோ கூடாது என்று 1462-இல் ஆணையும் பிறப்பித்தார். வெள்ளைச் சுவர்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. அன்று வைத்த பீட ஓவியங்களும் தத்தம் இடத்திலேயே உள்ளன. ஆலயத்தின் பின்பகுதி சரிவின் விளிம்பில், உறுதியற்ற மண்ணில் நிற்பதால் கட்டிய காலத்திலிருந்தே மெல்லத் தாழ்ந்துவருகிறது. பீடத்துக்குப் பின்னால் போனால் விரிசல்களைப் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்காதீர்கள்.

மூன்றாவது காலைக்கு பிக்கொலோமினி அரண்மனை. அந்தக் குடும்பத்தார் 1962 வரை அதில் வாழ்ந்தார்கள். அறைகளைவிடப் பின்புறத் தோட்டம் முக்கியம். குதிரை லாயங்களின் கூரைமேல் அமைத்த அந்தத் தோட்டமும் அதை நோக்கிய மூன்றடுக்குத் தாழ்வாரமும் அமியாட்டா மலையைப் பார்ப்பதற்காகவே அமைக்கப்பட்டவை. எதிரே, பின்னர் பிஷப்பின் இல்லமான போர்ஜா மாளிகை. அதன் உடைமையாளரான ரொத்ரிகோ போர்ஜா பின்னாளில் ஆறாம் அலெக்சாந்தர் என்ற திருத்தந்தையானவர்.

நான்காவதாக, மதிலுக்கு வெளியே பத்து, பதினைந்து நிமிடம் சரிவில் இறங்கினால், ஆலிவ் மரங்களுக்கு நடுவே கோர்சின்யானோவின் பழைய ஆலயம் நிற்கிறது. பயஸ் திருமுழுக்குப் பெற்ற தொட்டி அங்கே உள்ளது. உருளை வடிவ மணிக்கூண்டும், வாயிலுக்கு மேலே தன் இரண்டு வால்களையும் கைகளில் பிடித்திருக்கும் கடற்கன்னிச் சிற்பமும் மறக்க முடியாதவை. சுற்றுலாக் கூட்டம் இங்கே இறங்கி வருவதில்லை; திரும்பி ஏற வேண்டும் என்பது காரணமாக இருக்கலாம்.

சாப்பாடு

தெருவுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுவது பெகொரினோ என்னும் செம்மறியாட்டுப் பால் சீஸின் வாசனை. ஒரே சீஸ்தான், வயதுக்கேற்ப குணம் மாறும்: சில வாரங்களே ஆனது மென்மையாகவும் பால் மணத்தோடும் இருக்கும், சில மாதங்கள் பதப்பட்டது கெட்டியாகிக் காரசாரமாகும். வால்நட் இலையில் பொதிந்தது, சாம்பல் பூசியது, தக்காளி தடவியது என்று மேற்பூச்சிலும் வகைகள் உண்டு. கடையில் சுவைத்துப் பார்க்கத் துண்டு கேட்கலாம். இளையதிலிருந்து முதியதுக்குப் போவதே முறை. தேனோடும் பேரிக்காயோடும் சாப்பிட்டால் அதன் உப்பு நன்றாக எடுபடும். செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் சீஸ் திருவிழாவில், சதுக்கத்தின் நடுவே நட்ட மரத் தக்களிக்கு அருகில் போய் நிற்குமாறு சீஸ் வட்டுகளை உருட்டிப் போட்டியிடுவார்கள். தேதி ஒத்துவந்தால் தவறவிட வேண்டாம்.

மரக்கறி உண்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய சீஸ்களில் பாலை உறைய வைக்கப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் அல்லது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். அதை ஏற்க மனமில்லாதவர் ‘கால்யோ வெஜெத்தாலே’, அதாவது தாவர உறைபொருள், கொண்டு செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் அப்படியும் செய்கிறார்கள்.

இந்த வட்டாரத்தின் சொந்த உணவு பீச்சி. மாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, பலகைமேல் உள்ளங்கையால் ஒவ்வொன்றாக உருட்டித் திரிக்கும் தடித்த இழைகள் அவை. ‘அல்யோனே’ என்னும் பெரிய, காரம் குறைந்த பூண்டும் தக்காளியும் சேர்ந்த சாறோடு வருவதும், பெகொரினோவும் மிளகும் தூவி வருவதும் இறைச்சி இல்லாதவை. வறுத்த ரொட்டித்தூள் சேர்த்ததில் சில இடங்களில் நெத்திலி போன்ற மீன் கலந்திருக்கும் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ரொட்டியும் காய்களும் பீன்ஸும் சேர்த்துக் காய்ச்சும் ரிபோல்லித்தா குளிருக்கு நல்லது; அதிலும் இறைச்சிச் சாறு உண்டா என்று விசாரிப்பது நலம். ‘சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே’ (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்ற நான்கு சொற்கள் மனப்பாடமாக இருந்தால் எங்கும் சமாளிக்கலாம். டஸ்கனி ரொட்டியில் உப்பு இராது. முதல் கடியில் ஏமாற்றமாக இருக்கும். உப்பான சீஸுக்கும் நல்ல ஆலிவ் எண்ணெய்க்கும் அது ஏன் பொருத்தம் என்பது இரண்டாம் நாள் விளங்கும்.

கட்டணச் சீட்டில் ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருந்தால் ஏமாற்று என்று எண்ண வேண்டாம். மேசைக்கும் ரொட்டிக்குமான வழக்கமான தொகை அது. தனியே அன்பளிப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வேளையும் உணவகத்தில் உண்பது செலவையும் வயிற்றையும் கூட்டும். மதியத்தில் ரொட்டி, சீஸ், தக்காளி, பழம் வாங்கி மதிலோர இருக்கையில் சாப்பிட்டுவிட்டு, இரவில் ஒரு நல்ல உணவகத்துக்குப் போவது இரண்டுக்கும் இதம்.

நடையும் வெந்நீரும்

ஒரு வாரத்தில் வெளியூர்ப் பயணம் இரண்டுக்கு மேல் வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். ஒன்று மோன்டிக்கியெல்லோ. பியென்சாவிலிருந்து மண்பாதை வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேர நடை. 1967 முதல் அந்தச் சிற்றூர் மக்கள் தம் வாழ்க்கையையே நாடகமாக எழுதி, ஒவ்வொரு கோடையிலும் சதுக்கத்தில் தாமே நடிக்கிறார்கள். மொழி புரியாவிட்டாலும் ஓர் ஊரே மேடையேறுவதைப் பார்ப்பது அனுபவம். ‘வெள்ளைச் சாலை’ எனப்படும் இந்த மண்பாதைகளில் நிழல் மிகக் குறைவு; தொப்பியும் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குள் கிளம்புங்கள். மழை பெய்த மறுநாள் போக வேண்டாம். அந்தக் களிமண் செருப்போடு ஒட்டி ஒவ்வொரு அடிக்கும் கனம் ஏற்றும்.

மற்றொன்று பான்யோ வின்யோனி. வழக்கமாக ஊர் நடுவே சதுக்கம் இருக்கும் இடத்தில் இங்கே கல்தொட்டியாக ஒரு பெரிய வெந்நீர்க் குளம் இருக்கிறது. ஊற்றில் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் சூட்டோடு நீர் வெளிவரும். குளிர்காலத்தில் ஊர் முழுவதும் ஆவி மிதக்கும். துறவுக்குப் போகத் துடித்த தன் மகள் கத்தரீனாவின் மனத்தை மாற்ற அவள் தாய் இந்த நீராடுதுறைக்குத்தான் அழைத்து வந்தாள். மகளோ மிகச் சூடான நீர் விழும் இடத்தைத் தேடிப்போய் உடலை வருத்திக்கொண்டாள் என்று வரலாறு சொல்கிறது. அவரே பின்னாளில் சியெனாவின் புனித கத்தரீனா. சதுக்கக் குளத்தில் இறங்கத் தடை உண்டு. குளிப்பதற்கு அருகில் கட்டண வெந்நீர்க் குளங்கள் உள்ளன. குளத்திலிருந்து வழியும் நீர் பாறைச் சரிவில் ஓடி முன்பு மாவு ஆலைகளைச் சுழற்றியது. அந்தக் கால்வாய்களில் கால் நனைத்து உட்கார்ந்திருக்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கோடைப் பகலைவிட, காற்றில் குளிர் ஏறிய அக்டோபர் மாலைக்கே இந்த நீர் பொருத்தம்.

மழை நாளுக்குத் தனித் திட்டம் வேண்டாம். அன்று சன்னலோரம் உட்கார்ந்து பள்ளத்தாக்கின் மேல் மேகம் நகர்வதைப் பாருங்கள். மழை விட்டதும் தெருவில் ஆள் இராது, சதுக்கத்தின் செங்கல் தளம் பளபளக்கும்.

புறப்படுவதற்கு முந்திய நாள் மாலையே சீஸ் வாங்கிவிடுங்கள், ஏனெனில் காலைப் பேருந்து கடை திறக்கும்வரை காத்திராது. ‘சோத்தோவுவோதோ’ என்று கேட்டால் காற்று நீக்கிய உறையில் இறுக்கமாகக் கட்டித் தருவார்கள். பல மாதம் பதப்பட்ட கெட்டி வகையை எடுங்கள்; இளையது நீண்ட பயணத்தைத் தாங்காது, அதை அன்றிரவே அங்கேயே தேனோடு சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.